அகதம் எங்கிருந்து வந்தது

கதிர்,

நீ அனுப்பிய செய்திக்கு நான்கு நாளாக நான் பதில் போடவில்லை. நீல டிக் விழுந்துவிட்டது, அப்பா பார்த்துவிட்டார், பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீ குழம்பியிருப்பாய். நேற்று போன் போட்டு, "என்னப்பா, பிரஷர் மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா இல்லையா?" என்று மிரட்டவும் செய்தாய். உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. சொல்ல வேண்டியது போன் திரைக்குள் அடங்காது, அவ்வளவுதான். அதனால் கிள்ளானில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கிழித்து, முப்பது வருடம் மருந்துச் சீட்டில் எழுதிய அதே கிறுக்கல் கையெழுத்தில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் கோபம் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வா, ஆனால் முடிக்காமல் மடித்து வைத்துவிடாதே.

செமினி புது வீட்டுக்கு உன் சாமான்களைக் கட்டும்போது அந்த அட்டை கிடைத்தது என்று படம் எடுத்து அனுப்பியிருந்தாய். பள்ளியில் மூன்றாம் ஆண்டில் பேச்சுப் போட்டிக்கு நீ எழுதி வைத்துப் படித்த அட்டை. மேலே உன் கோணல் எழுத்தில் 'அகதம்'. படத்துக்குக் கீழே நீ அனுப்பியிருந்த செய்தியை அப்படியே மனப்பாடமாகச் சொல்லுவேன், அத்தனை முறை பார்த்துவிட்டேன்: "அப்பா, இது நீங்க சொல்லிக் கொடுத்த வார்த்தைதானே? இதாலதான் நான் பார்மசி எடுத்தேன்னு ரிசப்ஷன்ல பேசப் போறேன். இந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் எழுதி அனுப்புங்கப்பா. பவித்ராவுக்கும் கேக்கணுமாம்." படித்ததும் எனக்கு முதலில் என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். ஐயோ, எத்தனை சந்தோஷம்! ஐந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில், பவித்ராவின் அப்பா, உன் வருங்கால மாமனார், கோட்டு சூட்டோடு முன்வரிசையில் இருக்க, நீ மைக்கைப் பிடித்து என்னைக் கைகாட்டப் போகிறாய். அந்த மனிதரை நீ போன மாதம் சுபாங் ஜெயாவில் அவர் வீட்டில் 'அப்பா' என்று கூப்பிட்டதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை என்பது உனக்குத் தெரியாது. இப்போது இறங்கும் என்று நினைத்தேன். அன்று மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

சொல்லின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்டது நீதானே. நஞ்சை முறிக்கும் மருந்துக்கு நம் பழைய வைத்திய ஏடுகளில் இருந்த பெயர் அகதம். வடமொழியிலிருந்து வந்தது. 'கதம்' என்றால் நோய், நஞ்சு என்றும் சொல்வார்கள். முன்னால் ஒரு 'அ' போட்டால் அது இல்லாதது, இல்லாமல் செய்வது. பாம்புக்கடி, தேள்கடி, சோற்றில் கலந்த விஷம் எல்லாவற்றுக்குமான வைத்தியப் பிரிவுக்கே இந்தப் பெயர்தான். இன்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. நான் வேலை செய்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில் முப்பது வருடம் இருந்தேன், ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. இவ்வளவுதான் அந்தச் சொல். இனி அது உனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது என்னிடமிருந்து வரவில்லை, கதிர். பிரிக்பீல்ட்ஸில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த உன் அம்மாவின் தம்பி, உன் சேகர் மாமாவிடமிருந்து வந்தது.

அந்தப் பெயரைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். லேகியம் கொடுத்து உன்னைச் சாகடிக்கப் பார்த்தவன் என்றுதான் இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் அவனுக்குப் பெயர். அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. எனக்கு மருந்தகத்தில் சனிக்கிழமைதோறும் வேலை. அம்மா உன்னைக் கூட்டிக்கொண்டு கொம்யூட்டர் ரயிலேறித் தம்பி கடைக்குப் போய்விடுவாள். அவனுக்கு அப்போது வயது முப்பதுகூட இல்லை. கடையைப் பக்கத்துப் பூக்கடை அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எல்ஆர்டி ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் உன்னை ஏற்றிக்கொண்டு போய், இறங்காமலே திரும்பக் கூட்டி வருவான். எதற்கு என்று கேட்டால், "சும்மா லா மச்சான், காத்து வாங்க!" என்பான். நீ வீட்டுக்கு வந்ததும் 'மாமா இப்படிச் சொன்னாரு, மாமா அப்படி விசில் அடிச்சாரு, மாமா வெத்தலைய இப்படி மடிச்சாரு' என்று தூங்கும் வரைக்கும் மாமா மாமாதான். நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு விசில் அடிக்க வராது.

ஒரு சனிக்கிழமை நீ ஓடி வந்து, "அப்பா, அகதம்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. மருந்து கொடுப்பதே வேலையாக வைத்திருப்பவனுக்கு, ஒன்பது வயதுப் பையன் கேட்ட மருந்துப் பெயர் தெரியவில்லை. கடை மேல்தட்டில் ஒரு பீங்கான் ஜாடி, அதன் மேல் அம்மாவைப் பெற்ற உன் தாத்தா கையால் ஒட்டிய சீட்டு, அதில் அந்தச் சொல். மாமா உன்னைத் தோளில் தூக்கி வைத்துப் படிக்கச் சொல்லி, அர்த்தமும் சொல்லிக் கொடுத்தானாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது தமிழே இல்ல, சமஸ்கிருதம்." எப்படித் தெரியும்? தெரியாது, சும்மா அடித்துவிட்டேன். அது உண்மையாகிப் போனது என் அதிர்ஷ்டம். நீயோ அசரவே இல்லை. "பரவால்லப்பா, மாமா சொன்னாரு" என்று போய்விட்டாய்.

அந்த வாரம் முழுக்க அதைவிடப் பெரிய சொல்லாக ஒன்றைத் தேடினேன். சிரிக்காதே. ஆஸ்பத்திரி நூலகத்தில் கனத்த ஆங்கில அகராதி ஒன்று இருந்தது, சாப்பாட்டு நேரத்தில் அதைப் புரட்டி 'தீரியாக்' என்ற சொல்லைப் பிடித்தேன். கிரேக்கர்கள் வைத்த பெயர். கொடிய விலங்கு என்பதற்கு அவர்கள் சொல் 'தீரியன்', அதன் கடிக்கு மருந்து என்பதால் தீரியாக். விரியன் பாம்பின் இறைச்சியையே தேனில் போட்டு, கூட இன்னும் எத்தனையோ சரக்கு சேர்த்துக் கிண்டுவார்களாம். அந்தச் சொல் ஊர் ஊராகப் போய் வாய்மாறி, இங்கிலீஷ்காரன் கையில் 'ட்ரீக்கிள்' ஆகி, கடைசியில் வெறும் சர்க்கரைப் பாகுக்குப் பெயராக நின்றுவிட்டது. பாம்பு, கிரேக்கம், தேன், எல்லாம் இருக்கிறது, இனி மாமா எம்மாத்திரம் என்று நினைத்து உன்னை உட்கார வைத்துச் சொன்னேன். கண்ணை இமைக்காமல் கேட்டாய். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கேட்டு முடித்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "இது மாமாவுக்குத் தெரியுமாப்பா?" உடனே போனிடம் ஓடி, நான் ஒரு வாரம் தேடியதை ஐந்து நிமிடத்தில் அவனிடம் கொண்டுபோய்க் கொட்டினாய். அந்தப் பக்கம் அவன், "அடேங்கப்பா! உங்கப்பா பெரிய ஆளுடா!" என்று கத்தியது எனக்குக் கேட்டது. பெருந்தன்மையாகப் பாராட்டினான் பார், அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு பேச்சுப் போட்டி. நீ தீரியாக்கை எடுக்கவில்லை, அகதத்தைத்தான் எடுத்தாய். நான் லீவு போட்டுவிட்டு வந்து பள்ளி மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த கடைசி வரியைப் படித்தாய். எனக்கு அனுப்பிய படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. இப்போது எழுந்து போய் அட்டையைத் திருப்பிப் பார். 'இந்தச் சொல்லை எனக்குத் தந்த என் சேகர் மாமாவுக்கு நன்றி.' எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் நன்றிக்கு ஏங்கி, வளர்ந்த மனிதன் ஒருவன் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தான் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது யார் மடிக்கு முதலில் ஓடுகிறது என்று நீ எண்ண ஆரம்பித்தால், அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார் என்று அன்றைக்கே நினைத்துக்கொள்.

அந்த வருடத் தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. வாசல் கேட்டுக்கு நான் சாயம் அடித்தேன். துருப்பிடிக்காமல் இருக்க முதலில் அடிக்கும் செங்காவிச் சாயம். பிரஷ் கழுவிய தின்னர் மீதம் இருந்ததை வீசாமல், தீபாவளிக்குப் பெட்டி பெட்டியாக வாங்குவோமே அந்த ஆரஞ்சுச் சோடாப் போத்தல், அதில் ஒரு காலிப் போத்தலில் ஊற்றிப் பின்கட்டில் வைத்தேன். பார்ப்பதற்கு ஆரஞ்சு மாதிரியே இருந்தது. எந்த விஷத்தையும் குடிக்கும் பானப் போத்தலில் ஊற்றாதீர்கள் என்று எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ச் சுகாதாரக் கண்காட்சியில் மைக் பிடித்துப் பேசியவன் நான். அந்த நானே ஊற்றி வைத்தேன். அன்று மதியம் அம்மாவும் நீயும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்தீர்கள். உன் கையில் மாமா கிண்டிக் கொடுத்த தீபாவளி லேகியம், இஞ்சியும் வெல்லமும் போட்டது. காரமாக இருக்கிறது என்று பின்கட்டுக்கு ஓடிப் போத்தலை எடுத்து வாயில் கவிழ்த்திருக்கிறாய். இருமல் சத்தம் கேட்டு நான் வருவதற்குள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாய். உன் வாயருகே குனிந்ததும் தின்னர் நெடி மூக்கில் ஏறியது. அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரியும், கதிர். சந்தேகமே இல்லை.

காரில் போட்டுக்கொண்டு நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கே பறந்தேன். அவசரப் பிரிவு டாக்டரிடம் உள்ளே நானும் அவரும் மட்டும் நின்றபோது உண்மையைத்தான் சொன்னேன். இங்கிலீஷில் சொன்னேன், தின்னர், ஒரு வாய்க்கு மேல் இருக்காது, வாந்தி எடுக்க வைக்கவில்லை என்று. அதனால் உனக்குச் செய்ய வேண்டிய வைத்தியம் சரியாகத்தான் நடந்தது, அந்த மட்டுக்கு நான் இன்னும் மிருகமாகவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தேன். அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "என்னங்க, எதாலங்க? புள்ள என்னத்த தின்னுச்சு?" என்று கேட்டாள். நான் தமிழில், "ஒன் தம்பி குடுத்த லேகியம்" என்றேன். வாயில் தானாக வந்தது. போத்தலில் ஊற்றி வைத்த வெட்கம் அதில் கால்வாசி இருக்கும். மீதி முக்கால்வாசி பொறாமை. இனிச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் இல்லை, விசில் இல்லை, மாமா இல்லை என்று உள்ளே ஒருத்தன் கணக்குப் போட்டது எனக்கே கேட்டது.

அவள் போனில் தம்பியிடம் என்னென்ன சொன்னாள் என்பதை எழுத எனக்குக் கை வரவில்லை. மறுநாள் அவன் பிஸ்கட் டின் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வார்டு வாசலில் வந்து நின்றான். நான் வெள்ளைக் கோட்டோடு குறுக்கே நின்றேன். "ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிடுறேன் மச்சான்" என்றான். டாக்டர் யாரையும் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அவன் டின்னை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். நீ வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், "அப்பா, அந்த ஆரஞ்சு ஒரு மாதிரி இருந்துச்சுப்பா, தொண்டை எரிஞ்சுச்சு" என்றாய். அது கெட்டுப்போன பழைய ஆரஞ்சு, உன்னை வாட்டியது லேகியம்தான் என்றேன். நீ மறுபடியும் கேட்டாய், நான் மறுபடியும் சொன்னேன். நீ கேட்பதை நிறுத்தும் வரைக்கும் சொன்னேன். பிறகு அகதத்தையும் விட்டு வைக்கவில்லை. 'அன்னைக்கு அப்பா சொன்னேனே அகதம்னு' என்று போகிற போக்கில் நாலைந்து தடவை போட்டு வைத்தேன். குழந்தை மனது, ஒட்டிக்கொண்டது. இப்போது இருபத்திரண்டு வருடம் கழித்து அதை நீ எனக்கே நன்றியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாய்.

அம்மா போனபோது நடந்தது உனக்கும் தெரியும். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை வைத்துக்கொண்டு அவன் நம் கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றான். யாரோ சேலையை மட்டும் வாங்கி உள்ளே கொண்டுவந்து போர்த்தினார்கள். நீ என் காதருகே, "அவருக்கு இங்க என்னப்பா வேலை?" என்று கேட்டாய். பெண்டாட்டியின் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வார்த்தை இனித்தது, கதிர். நீ என் பக்கம் என்று இனித்தது. அவள் கடைசிவரை தன் தம்பியோடு பேசாமலே போனாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்குப் பதினெட்டு வருடம் இருந்தது. ஒருநாள்கூடச் சொல்லவில்லை.

உன் செய்தி வந்த மூன்றாம் நாள் காலையில் கொம்யூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். அவன் இன்னும் விசில் அடித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தால், சரி போகட்டும் என்று திரும்பிவிடலாம் என்றும் உள்ளே ஒரு ஆசை இருந்திருக்கும். கடையில் மருந்து வாசனையே இல்லை. கற்பூரம், ஊதுபத்தி, விளக்கெண்ணெய், மாலைக் கட்டு. தலை முழுக்க நரைத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "வாங்க மச்சான், உக்காருங்க. பையன் நல்லா இருக்கானா?" என்றான். திட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. பையனுக்குக் கல்யாணம் என்றேன். "தெரியும், சொன்னாங்க" என்று தலையாட்டினான். மருந்தெல்லாம் எங்கே என்று கேட்டேன். "அதயெல்லாம் அன்னைக்கே விட்டுட்டேன் மச்சான். புள்ளைக்கு அப்படி ஆனப்புறம் கைய வைக்கவே பயமாப் போச்சு. இஞ்சிதான், வெல்லந்தான், கொஞ்சம் ஓமம். எதுல தப்பு பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்குறேன், புரியவே மாட்டேங்குது. நீங்க மருந்துல இருந்தவரு, ஒங்களுக்காச்சும் தெரியுமா மச்சான்?"

என்னைப் பார்த்தே கேட்டான். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மேல்தட்டில் அந்தப் பீங்கான் ஜாடி இருந்தது. உள்ளே விளக்குத் திரி. சீட்டு ஒட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான். நான் ஒரு டப்பா கற்பூரம் வாங்கிக்கொண்டு, "தெரியலையே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பாவி, அப்போதும் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்லாமல் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ என் பக்கத்தில் நின்றால்தான் எனக்கு அங்கே வாய் திறக்கும். தனியாகப் போனால் மறுபடியும் கற்பூரம்தான் வாங்கி வருவேன். என்னை எனக்குத் தெரியும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொள், தட்டும் வெற்றிலை பாக்கும் நான் வாங்கி வைக்கிறேன். மணவறைக்கு முன்னால் உனக்கு மாமன் மாலை போட ஈப்போவிலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தேனே, அவரிடம் வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டேன். அது யாருடைய கையால் விழ வேண்டிய மாலை என்று உனக்கு இப்போது தெரியும். கடைக்குள் போனதும் நான்தான் முதலில் பேசுவேன். அன்றைக்கு டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னேனே, அதையே அவனிடம் தமிழில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. என்னோடு இனிப் பேசுவதா வேண்டாமா என்பதை நீ அதற்குப் பிறகு முடிவு செய்துகொள். இப்போதே முடிவு செய்துவிட்டால் நான் அங்கே போய்ச் சேரமாட்டேன். பவித்ராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. புருஷன் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதையும் வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பொய் சொல்லமாட்டேன். இதையெல்லாம் எழுதிவிட்டதால் எனக்கு மனது லேசாகிவிட்டது, நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. நீ அவன் காலில் விழுவாய், அவன் உன்னைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுவான், நீயும் அழுவாய். ஓரமாக நின்று பார்க்கிற எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். அறுபத்தேழு வயதில் அது எங்கே போகப் போகிறது. நீ அதைக் கவனிக்காதே.

ரிசப்ஷனில் பேசப் போகிறேன் என்றாயே, புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அந்த அட்டையையே படி. முன்பக்கத்தை முடித்ததும் நிறுத்திவிடாதே, திருப்பிப் பின்பக்கத்தையும் படி. நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்குத் தட்டினேனே, அதைவிடச் சத்தமாகக் கைதட்டுவேன்.

அப்பா